தராசு நடுவில் பிசகிவிட்டது, முடித்து வைத்த 9 எம்எம் தோட்டாக்களை என்ன செய்வது?

குறிவைப்பான்:
வணக்கம். வீட்டில் ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை மறுபடி நிரப்புவது) செய்யத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. நேற்று ஒரு பெட்டி 9 எம்எம் முடித்தேன். எழுந்திருக்கும் முன் சோதனை எடைக்கல்லை வைத்தால், டிஜிட்டல் தராசு 0.4 கிரெயின் (பவுடரை அளக்கும் சிறு எடை அலகு) குறைத்துக் காட்டுகிறது. ஆரம்பத்தில் சரியாகத்தான் இருந்தது. நடுவில் எப்போது மாறியதோ தெரியவில்லை. கையேட்டின் உச்ச அளவுக்கு 0.3 கிரெயின் கீழே வைத்துத்தான் பவுடர் போட்டேன். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடை போட்டு, கனமாக இருப்பதை மட்டும் ஒதுக்கினால் போதுமா?

சுடுகளத்தான்:
0.4 தானே? சுட்டுத் தள்ளுங்கள். துப்பாக்கி அதைத் தாங்கும்.

பழையபிரஸ்:
சுடுகளத்தான் சொல்வதைக் கேட்காதீர்கள் தம்பி. தராசு குறைத்துக் காட்டினால் கேஸுக்குள், அதாவது தோட்டாவின் கூட்டுக்குள், போன பவுடர் அதிகம். உச்சத்துக்கு 0.3 கீழே என்று நினைத்துப் போட்டவை, உச்சத்தைத் தாண்டி 0.1 மேலே நிற்கலாம். 5 கிரெயின் போடும் இடத்தில் 0.4 என்பது 8 சதவீதம். ரைபிள் கேஸில் இது சின்ன வித்தியாசம். 9 எம்எம் கேஸில் இடமே கொஞ்சம்தான், அழுத்தம் மளமளவென்று ஏறிவிடும்.

எடை போட்டுப் பிரிக்கும் யோசனை எல்லோருக்கும் வருவதுதான், ஆனால் உதவாது. வெற்று கேஸ்களே ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் சில கிரெயின் வித்தியாசப்படும். குண்டுகளும் அச்சு அசலாக ஒரே எடையில் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் 0.4 கிரெயினை எங்கே போய்த் தேடுவீர்கள்? பவுடரே விழாத தோட்டாகூட மற்றவற்றோடு கலந்து ஒளிந்துகொள்ளும்.

அதனால் எல்லாவற்றையும் குண்டைக் கழற்றிப் பிரித்துவிடுங்கள். முதல் வேலை, பெட்டியின் மேல் 'சுடக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தனியாக வையுங்கள். நாளைக்கு நீங்களே மறந்துபோய்க் களத்துக்கு எடுத்துப் போவீர்கள்.

பிரிக்க, சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லட் புல்லர் போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தோட்டாவைப் பிடிக்க அதோடு வந்த பிடியையே மாட்டுங்கள். பிரஸ்ஸில் (தோட்டா நிரப்பும் கருவி) கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைச் செருகும் குறுக்குவழி வேண்டாம். கனமான மரக்கட்டையின் மேல் ஓங்கி அடியுங்கள். இரண்டு மூன்று அடியில் 'டொக்' என்ற சத்தம் மாறும், குண்டு கழன்றுவிட்டது என்று அர்த்தம். குண்டையும் பவுடரையும் ஒரு தட்டில் கொட்டிவிட்டு, சுத்தியலின் குழிக்குள் அடியில் ஒட்டிய துகள்களையும் தட்டி எடுத்த பிறகே அடுத்தது. (ரிம்ஃபயர் தோட்டாவை இந்தச் சுத்தியலில் எப்போதும் வைக்காதீர்கள். அதன் விளிம்பில்தான் பற்றும் மருந்தே இருக்கிறது.)

பிரைமரை (கேஸின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) நோண்ட வேண்டாம், கேஸிலேயே இருக்கட்டும். கேஸின் வாய் தளர்ந்திருந்தால், டையிலிருந்து (கேஸைச் சரியான அளவுக்கு இறுக்கும் அச்சு) பிரைமர் தள்ளும் ஊசியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒருமுறை ஓட்டினால் மறுபடி இறுகும். பவுடர் இல்லாவிட்டாலும் உயிருள்ள பிரைமர்தான், கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

சுடுகளத்தான்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே சிலவற்றைச் சுட்டிருந்தால்?

பழையபிரஸ்:
அதிகம் போட்டதைச் சுட்டிருந்தால், காலியான கேஸைப் பாருங்கள். பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, ஓரத்தில் புகைக்கறை இருக்கிறதா? ஆனால் அடையாளம் எதுவும் இல்லை என்பதற்காக அழுத்தம் சரியாக இருந்தது என்று ஆகாது.

எனக்கு அதைவிடப் பயம், பவுடரே விழாத தோட்டா. 'டப்' என்று அடங்கிய சத்தம், கை உதறல் கிட்டத்தட்ட இல்லை. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி வழியில் நிறுத்தியிருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஸ்லைடை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் கிழியும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மறு பேச்சு. விசையை இழுத்தும் வெடிக்கவே இல்லையென்றால் அது வேறு கதை. குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள், தாமதமாகப் பற்றக்கூடும்.

குறிவைப்பான்:
நன்றி அண்ணா. காரணமும் பிடிபட்டது. தராசுக்கு நேர் மேலே மின்விசிறி. நிறுத்திவிட்டுப் பார்த்தால் எடைக்கல் சரியாகக் காட்டுகிறது. பிரித்தெடுத்த பவுடரைத் திரும்ப டப்பாவில் போடலாமா? மேசையில் இன்னொரு பவுடரும் திறந்து கிடந்தது.

பழையபிரஸ்:
அப்படியானால் போடவே கூடாது. கலந்திருக்குமோ என்று தோன்றினாலே அது குப்பைதான். நிறத்தைப் பார்த்துப் பிரிக்க உட்காராதீர்கள், பல பவுடர்கள் ஒரே மாதிரி இருக்கும். கையளவு புகையற்ற பவுடர் என்றால் வெட்டவெளி மண்ணில் மெல்லியதாகத் தூவிவிடலாம், நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்குக்கூட உரமாகும். தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பது கரும்பவுடருக்குத்தான். புகையற்ற பவுடர் காய்ந்ததும் மறுபடி எரியும்.

இனிமேல் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. எடைக்கல்லை, பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு ஒருமுறை வையுங்கள். அப்போது பிசகினாலும் பிரிக்க வேண்டியது அந்தப் பத்துப் பதினைந்துதான்.