ஓட்டுநர்களுக்கு வட்டாரம் பிரித்த அனுபவம் சொல்லுங்களேன்

தேக்கா மளிகை:
சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம். உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் வேன் அனுப்புவது என் பொறுப்பு. வட்டாரம் பிரிக்க எல்லாரும் முதலில் பிடிப்பது அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கம். 76 ஈசூன், 52 தெம்பனிஸ், 82 பொங்கோல். 1995இல் ஆறு இலக்கம் வந்தபின் கட்டடத்துக்குக் கட்டடம் தனி எண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் என்றால் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணேதான். தேக்கா நிலையம் புளோக் 665, குறியீடு 210665. பழகிய ஓட்டுநர்கள் சாலைப் பெயரைப் படிப்பதே இல்லை.

சிக்கல் ஒரு மென்பொருளோடு வந்தது. அது தூரத்தை வைத்து வட்டம் போடும். புக்கிட் பாஞ்சாங்கையும் அங் மோ கியோவையும் ஒரே வேனுக்குக் கொடுத்துவிட்டது. வரைபடத்தில் பக்கம்தான், நடுவில் நீர்த்தேக்கக் காடு! வடக்கே மண்டாய் வழியாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தெற்கே தீவு விரைவுச்சாலைக்கு இறங்க வேண்டும். எங்கள் மூத்த ஓட்டுநர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, குரங்கோடு குரங்கா நான் மெக்ரிட்சிக்குள்ள தாவிப் போகவா?" என்றார்.

அப்புறம் வட்டத்தை விட்டுவிட்டுச் சாலையைப் பிடித்தோம். புக்கிட் பாஞ்சாங், சுவா சூ காங், உட்லண்ட்ஸ் ஒரு வேன். அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ இன்னொன்று. பரப்பளவைச் சமமாக்கவும் முயலவில்லை. தெம்பனிஸில் நாலு தெருவுக்குள்ளேயே ஒரு வேனின் நாள் முடிந்துவிடும். மேற்கே போகிறவருக்குப் பாதி நேரம் சாலையிலேயே.

மேற்குக் கரை:
அந்த முதல் இரண்டு இலக்கத்தை மேற்கில் நம்பாதீர்கள் அண்ணே. 62இல் பயனியர் சாலையும் வரும், ஜூரோங் தீவும் வரும். தீவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாத ஓட்டுநர் சோதனைச்சாவடியோடு திரும்ப வேண்டியதுதான். நாங்கள் ஜூரோங் தீவைத் தனி வட்டாரமாக வைத்து, அனுமதி உள்ளவருக்கு மட்டும் கொடுக்கிறோம். பொங்கோல் பக்கம் இன்னொன்று: புளோக் எண்ணில் ஏ, பி என்று எழுத்து வந்தால் குறியீட்டில் அது 1, 2 என்று நுழையும். 306ஏ என்றால் 821306. புதியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஈசூன் வேன்:
நான் ஓட்டுகிற ஆள், அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். முன்பு இருந்த கூரியர் நிறுவனத்தில் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. துவாஸ் யாருக்கும் வேண்டாம், ஏனென்றால் இடத்துக்கு இடம் தூரம் அதிகம், பார்சல் குறைவு. வாயடிக்கிறவருக்கு வீடுகள் நெருங்கிய பிடோக், வாய் பேசாதவருக்குத் துவாஸ் என்று ஆகிப்போனது. வாரம் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டோம், மென்பொருள் முடிவு செய்கிறது என்று பதில். மென்பொருளில் கோடு போட்டது யாராம்?

தேக்கா மளிகை:
ஈசூன் அண்ணே, நாங்கள் வாரம் மாற்றிப் பார்த்தோம். மாற்றினால் ஓட்டுநருக்குப் பழகிய லிஃப்ட், சரக்கு இறக்கும் இடம், வாடிக்கையாளர் முகம் எல்லாம் போய்விடுகிறது. கடைசியில் வட்டாரத்தை நிலையாக வைத்து, தூர வட்டாரத்துக்குப் படி கூட்டினோம். இப்போது மேற்கைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. தைப்பூசத்தன்று மட்டும் தனிப் பட்டியல். ஊர்வலம் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை போகும். அந்த வழியில் இருக்கும் கடைகளுக்கு முந்தின நாளே இறக்கிவிடுவோம்.