புதுப்பிப்பு: சிவனொளிபாதமலை ஏற்றத்துக்குக் காசு சேர்க்கிறது

நம்ம தேயிலைத் தோட்டத்துல சாதாரணதரப் பரீட்சை (O/L) எழுதப்போற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த, மலை ஏறிக் காசு சேர்க்கப் போறோம், யோசனை சொல்லுங்கன்னு முன்ன கேட்டிருந்தேன். சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி.

ரொம்பக் கைகொடுத்தது படி விற்கிற யோசனைதான், அதாவது நாங்க ஏறப்போற மலைப் படிகளைக் காசு தர்றவங்க பேர்ல எழுதிக்கிறது. நல்லதண்ணிப் பக்கமா ஏறினா 5,000 படிக்கு மேல இருக்கு. ஒரு கொப்பியில பக்கத்துக்கு 100 படின்னு கோடு போட்டோம், படிக்கு 5 ரூபா. முழுப் பக்கம் முடியாதவங்க நாலு படி, பத்துப் படின்னு எடுத்தாங்க. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஒரு அக்கா, இறந்துபோன அம்மா பேர்ல 20 படி எழுதச் சொல்லி, முந்தானையில முடிஞ்சிருந்த நூறு ரூபாத் தாளை எடுத்துத் தந்தாங்க. அந்தப் படிகளை நானே ஏறணும்னு பேர் கொடுத்திருக்கேன்.

சம்பள நாள்ல ரொட்டியும் கட்டசம்பலும் வித்ததும் நல்லாப் போச்சு. சீட்டுக் குலுக்கல் வேணாம்னு விட்டுட்டோம். கஷ்டப்படுற சனத்துக்கிட்ட அது சரியில்ல.

வெசாக் பௌர்ணமியோட மலை ஏறுற யாத்திரை சீசன் முடியுது, அதுக்கு முந்தி ஏறிடுவோம். கொழும்புல வேலை செய்ற தம்பி தங்கச்சிமாரே, உச்சிக்குக் கிட்ட உள்ள பக்கங்கள் இன்னும் காலியா இருக்கு. கூட ஏற வர்றவங்க கட்டாயம் ஸ்வெட்டர் கொண்டுவாங்க. 2,243 மீட்டர் உயரம், விடியக்காலைக் குளிர் பொல்லாதது.