ஜப்பான் வந்து மூணு வாரம், இன்சூரன்ஸ் அத்தாட்சி இல்ல, பாப்பாவுக்கு காது வலி

காவேரிப்பட்டணத்தான்: அண்ணனுங்களா, அவசரம். நகோயா வந்து மூணு வாரம் ஆச்சு. பாப்பா ராத்திரி பூரா காதைப் புடிச்சுக்கிட்டு அழுதா. காலையில கிளினிக் போனா இன்சூரன்ஸ் அத்தாட்சி கேட்டாங்க. இல்லைன்னதும் மொத்தமா 8,400 யென் கட்ட வெச்சுட்டாங்க. இங்க எல்லாருக்கும் அரசாங்க இன்சூரன்ஸ் உண்டுன்னுதானே சொன்னாங்க? நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.

பாலக்கோடு: நான் 2016ல வந்தப்ப பல்லு வலி. பாஷை ஒரு வார்த்தை தெரியாது. மருந்துக் கடையில கன்னத்தைப் புடிச்சு நடிச்சுக் காட்டினேன், தொண்டைக்கு மிட்டாய் எடுத்துக் குடுத்தான். ரெண்டு வாரம் ரசஞ்சோறுதான்.

அரூர் அக்கா: தம்பி, வார்டு ஆபீஸ் போங்க. மூணு மாசத்துக்கு மேல தங்குற விசான்னா கொக்குமின் ஹோக்கன்னு வார்டு ஆபீஸ்ல போடுற இன்சூரன்ஸ் கட்டாயம். 14 நாளுக்குள்ள பதியணும். லேட்டாப் போனாலும் பிரீமியத்தை முன்தேதி போட்டு வாங்கிடுவாங்க.

ராயக்கோட்டை: குழப்பாதீங்க அக்கா. எனக்கு கம்பெனியே போட்டுது.

அரூர் அக்கா: நான் படிக்க வந்தவப்பா. எனக்கு எந்தக் கம்பெனி போடும்?

பாலக்கோடு: எனக்கு அஞ்சு வருஷமா தும்மல்கூட இல்ல, மாசாமாசம் பிடிக்கிறான். தருமபுரி ஜிஹெச்ல சீட்டு வாங்கினா சும்மாவே பாப்பாங்க.

ராயக்கோட்டை: தும்மினா மட்டும் கட்டுறதுக்கு அது உண்டியலா?

ஓசூர் திரும்பினவன்: பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாம், குழந்தைக்குக் காது வலி. தம்பி, வேலையா படிப்பான்னே நீ சொல்லல. வேலைன்னா ஷகாய் ஹோக்கன், கம்பெனி வழியா வர்ற இன்சூரன்ஸ். நம்ம சிப்காட் இஎஸ்ஐ மாதிரி, ஆனா பாதி கம்பெனி, பாதி நீ. இஎஸ்ஐ ஆஸ்பத்திரியைத் தேடி ஓட வேண்டாம், தெருமுனை கிளினிக்கே போதும். சம்சாரத்துக்கு வருமானம் இல்லைன்னா அவங்களுக்கும் பாப்பாவுக்கும் தனி பிரீமியம் கிடையாது. கொக்குமின்ல தலைக்குத் தலை கணக்கு.

பெரியவங்க பில்லுல 30 சதவீதம் கட்டணும், பள்ளிக்கூடம் சேராத குழந்தைக்கு 20. அதையும் பெரும்பாலான ஊர்ல நகராட்சியே ஏத்துக்கும், ஆனா அதுக்குத் தனியா மனு குடுக்கணும், தானா வராது.

கட்டின காசு போகல. கிளினிக்ல நீளமா ஒரு சீட்டு குடுத்திருப்பாங்க, புள்ளி புள்ளியா கணக்கு இருக்கும். 1 புள்ளி 10 யென். உனக்கு 840 இருக்கணும். அதை எறிஞ்சுடாத. இந்த மாசத்துக்குள்ளயே இன்சூரன்ஸ் அத்தாட்சி காட்டினா நிறைய கிளினிக்ல அங்கயே திருப்பித் தருவாங்க. இல்லைன்னா இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுதிப் போடு, 2 வருஷம் டைம் இருக்கு. பாப்பாவுக்குன்னா 6,720 திரும்பணும். நாளைக்கு காசு கட்டியாவது பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டிடு, அத்தாட்சிக்காகக் காத்திருக்காத.

காவேரிப்பட்டணத்தான்: கம்பெனிதாண்ணா, பதட்டத்துல சொல்லல. இப்ப ஹெச்ஆருக்கு போன் போட்டேன். எனக்குப் போட்டாச்சாம். பாப்பா பேரைச் சேர்க்க நான்தான் ஃபாரம் குடுக்கணுமாம், முதல் நாளே குடுத்துட்டாங்களாம். பையில பார்த்தேன், மடிச்சது மடிச்சபடி இருக்கு.