அப்பாவுக்கு இன்னொரு ஸ்கேன்

அத்தை: அண்ணனுக்கு இன்று காலையில் என் பெயரே வாயில் வரவில்லை. இடது காலை வேறு இழுத்து இழுத்து வைக்கிறார். போன மாதம்கூட இப்படி இல்லையே.

சித்தப்பா: 78 வயது ஆகிறதே. மறதி நோயாக இருக்கும். நம் அப்பாவுக்கும் கடைசியில் இப்படித்தான்.

அக்கா: அத்தை, அப்பா வழுக்கி விழுந்து எத்தனை நாள் ஆகிறது?

அத்தை: 5 வாரம் இருக்கும். அன்றே தலையில் சிடி ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்கா: அது அன்றைய நிலை. வயதானால் மூளை சுருங்கும். அதற்கும் மேலுறைக்கும் நடுவில் ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில்கூட ஒன்று கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியலாம். தெரியவே சில வாரம் ஆகும். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். சாதாரண மறதி நோய் இவ்வளவு வேகமாக வராது சித்தப்பா. நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இப்போதே கூட்டிப் போங்கள். மாத்திரைச் சீட்டும் பழைய படமும் கையில் இருக்கட்டும்.

தம்பி: கிளம்பிவிட்டேன்.

தம்பி: சிடி எடுத்தாயிற்று. வலது பக்கம் ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது. சப்ட்யூரல், அதாவது மூளையின் மேலுறைக்கு அடியில் தேங்கிய ரத்தம் என்கிறார்கள். மண்டையில் சின்னத் துளை போட்டு வடிக்க வேண்டுமாம். மாத்திரையின் வேகத்தை முறிக்க மருந்து ஏற்றுகிறார்கள்.

அத்தை: கடவுளே. வயசு என்று விட்டிருந்தால்?

சித்தப்பா: என் தப்பு. அப்படியானால் தலையில் அடிபட்டால் மறதி நோய் வரும் என்பது உண்மைதானா? என் பையன் குத்துச்சண்டை பழகுகிறானே.

அக்கா: அப்பாவுக்கு வந்தது வேறு, இதை வடித்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். நீங்கள் கேட்பதும் உண்மைதான். குத்துச்சண்டைக்காரர்களின் தடுமாற்றத்தைப் பற்றி மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928இலேயே எழுதினார். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2020இல் மறதி நோய்க்கான காரணங்களில் தலைக்காயத்தையும் சேர்த்தது. அடிபட்ட எல்லாருக்கும் வராது. திரும்பத் திரும்ப வாங்கும் குத்துதான் எனக்குப் பயம்.

சித்தப்பா: வருடத்துக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டால்?

அக்கா: பழைய கசிவின் தடம் தெரியும், சுருக்கம் தெரியும். ஆனால் திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்குபவர்களுக்கு வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோயை உறுதிசெய்வது இறந்த பிறகு மூளையை வெட்டி, டாவ் புரதம் படிந்திருப்பதைப் பார்த்துத்தான். உயிரோடு இருக்கும்போதே பெட் என்ற வேறுவகை ஸ்கேனில் பார்க்க முயன்றுகொண்டிருக்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை. படம் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி அவனை ரிங்குக்குள் விடாதீர்கள். தலையில் குத்து விழாத பயிற்சி போதும்.

சித்தப்பா: இன்று இரவே பேசுகிறேன்.

தம்பி: காலை 7 மணிக்கு உள்ளே கூட்டிப் போகிறார்கள். அத்தை, வரும்போது அப்பாவின் மூக்குக்கண்ணாடி.