கறுப்புக் காரில் வட்டக் கீறல்: திரும்பவும் கட் அண்ட் பொலிஷ் கொடுக்கலாமா?

கறுப்பு அக்ஸியோ:
இரண்டு மாதத்துக்கு முதல் 15,000 ரூபா கொடுத்து ஒரு இடத்தில் கட் அண்ட் பொலிஷ் (மெஷினால் பெயின்ட்டின் மேல்பரப்பைத் தேய்த்து மினுக்குவது) செய்தேன். கொண்டுவந்த அன்று பொனட்டில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. நேற்று டச்சுக்குடாவில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல், அதற்கு மேலே மெஷின் போன வழியெல்லாம் மங்கலான பட்டைகள் வேறு. 2020இல் இறக்குமதி நின்றதற்கு முந்தின வருடம் வாங்கிய கார், இதை மாற்றுகிற எண்ணமும் வசதியும் இப்போதைக்கு இல்லை. இன்னொரு தடவை கொடு என்கிறார் மச்சான். கொடுக்கலாமா?

பட்டறைக்காரன்:
தாராளமாகக் கொடுங்கள் தம்பி, ஆனால் வேறு கையிடம். பெயின்ட் வேலையில் எனக்கு 18 வருடம். உங்களுக்குச் செய்தவர் கம்பளிப் பேட் போட்டு, ரோட்டரி என்கிற, ஆடாமல் சுழல மட்டும் செய்யும் மெஷினால் வெட்டியிருக்கிறார், அதற்குப் பிறகு மெல்லிய ஸ்பொஞ்ச் பேட்டால் முடிக்காமல் விட்டுவிட்டார். அந்தப் பட்டை அதுதான். நல்ல பொலிஷ் எடுத்து, மெஷினை மெதுவாக ஓடவிட்டு இழுத்தால் போய்விடும். ஒரு நாள் வேலை.

இரண்டு வாளி:
அண்ணை, பட்டை பற்றிச் சொன்னது சரி. ஆனால் உடனே திரும்பக் கொடுங்கள் என்பதை ஏற்க முடியவில்லை. முதல் நாள் ஏன் கண்ணாடி மாதிரி இருந்தது? தேய்க்கப் பூசுகிற பல கொம்பவுண்டுகளில் எண்ணெய் இருக்கிறது, அது கீறலுக்குள் நிரம்பி அதை மறைக்கும். நாலைந்து தடவை ஷம்பூ போட்டுக் கழுவியதும் எண்ணெய் போகும், கீறல் வெளியே வரும். அதாவது பாதிக் கீறல் போகவே இல்லை, மூடித்தான் இருந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் துடைத்துப் பார்த்த பிறகு காசு கொடுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்தது தடிப்பு. கம்பனிப் பெயின்ட் முழுவதும் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரோன், ஜப்பான் கார்களில் அதைவிடக் குறைவாகவும் வரும். சாதாரண போட்டோகொப்பித் தாள் ஒன்றே 100 மைக்ரோன் அளவு. நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு அதில் பாதிகூட வராது. கீறலை எடுப்பது என்றால் கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரைத் தேய்ப்பதுதான், வேறு மந்திரம் இல்லை. தேய்த்தது திரும்ப வளராது. வெயிலைத் தாங்குகிற மருந்தும் அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. அது மெலிந்த கார்களின் கூரையைப் பாருங்கள், வெள்ளைத் தேமல் விழுந்த மாதிரி உரிந்து நிற்கும்.

பட்டறைக்காரன்:
கணக்குச் சரி, பயம் கூடிப்போனது. மெல்லிய பொலிஷ் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மைக்ரோன்தான் எடுக்கும். அதற்குப் பயந்து பத்து வருடம் மங்கல் காரில் போகச் சொல்கிறீர்களா? பெயின்ட் தடிப்பு மீற்றர் வைத்து அளந்தால் எல்லாம் தெரியும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம்மூரில் ஓடுகிற கார்களில் ஒரு கதவாவது திரும்பப் பெயின்ட் அடித்ததாக இருக்கும். அதில் மீற்றர் 250 காட்டும், நிறைய இருக்கிறது என்று வெட்டினால் அடியில் இருப்பது புட்டி, மேலே கிளியர் கொஞ்சம்தான். மீற்றர் மொத்தத்தைத்தான் சொல்லும். எது எவ்வளவு என்று சொல்லாது. கை அறிய வேண்டும்.

சாம்பல்தீவு:
இரண்டு பேரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். கார் எப்படிக் கழுவப்படுகிறது என்று யாரும் தம்பியிடம் கேட்கவில்லை.

எங்களுடையது கடும் நீலம். வீடு கடலுக்குக் கிட்ட என்பதால் கவர் போட்டே வைத்தோம். கச்சான் காற்றுக் காலம் முடிந்து கவரை எடுத்தால் கூரை விளிம்பு, பூட் மூடி, கண்ணாடி மூலை எல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்தது. கவருக்கு உள்ளே கையை விட்டுத் தடவினேன், விரலெல்லாம் நறநறவென்று மணல். காற்றில் கவர் அடிக்க அடிக்க அது உப்புத்தாள் வேலை பார்த்திருக்கிறது. நம் கடற்கரை மணலில் இருக்கிற குவார்ட்ஸ் எந்தக் கிளியர் கோட்டையும் விடக் கடினம், புல்மோட்டைப் பக்கம் போனால் சிர்க்கன் வேறு கலந்திருக்கும், அது இன்னும் கடினம். அந்தத் தூசி மேல் காய்ந்த துணி பட்டாலே கீறல்தான்.

அன்றோடு கவரை நிறுத்திவிட்டுத் தகரக் கொட்டில் போட்டோம். மூன்று வருடமாக பொலிஷ் மெஷின் படவில்லை, புதுக் கீறலும் பெரிதாக இல்லை. பழையது இருக்கிறது. இருக்கட்டும்.

கறுப்பு அக்ஸியோ:
அக்கா, நான் தினமும் காலையில் பழைய ரீசேர்ட்டால் காய்ந்தபடியே துடைக்கிறேன். இரவு உப்புக்காற்றில் பிசுபிசு என்று ஒட்டியிருக்கும், துடைக்காமல் வேலைக்குப் போக மனம் வராது. அதுதானா காரணம்? வட்டமாகத் துடைக்காமல் நேராகத் துடைத்தால் சரியா?

இரண்டு வாளி:
அதுவேதான். வட்டம், நேர் என்பதில் ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன, வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது. இரவில் போன் டோர்ச்சை பொனட் மேல் பிடித்து மெல்ல நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும். கறுப்பில் பின்னணி இருட்டு, அதனால் ஒவ்வொன்றும் கண்ணில் குத்துகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் உண்டு.

காய்ந்த துணியை இன்றோடு விடுங்கள். ஹோசால் மேலிருந்து கீழ் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்கள். அப்புறம் ஷம்பூ ஒரு வாளி, வெறும் தண்ணீர் ஒரு வாளி, மைக்ரோபைபர் கையுறை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷம்பூவுக்குள் கை போக வேண்டும். ரயருக்கு வேறு துணி. கிணற்றுத் தண்ணீர் என்றால் வெயில் ஏறுமுன் முடியுங்கள், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். துவட்டும்போது தடித்த மைக்ரோபைபரை விரித்து ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள்.

இப்படி ஒரு மாதம் பழகியபின் மெஷின். அதுவும் டூவல் அக்ஷன். சுழல்வதோடு ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் எளிதில் சூடு ஏறாது, அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். பூட் மூடியில் ஓரடி இடத்தில் மெல்லிய பேட், மெல்லிய பொலிஷோடு தொடங்கி அல்கஹோலால் துடைத்துப் பாருங்கள். 80 வீதம் போனால் போதும், மிச்ச ஆழமானவற்றை விட்டுவிடுங்கள்.

பட்டறைக்காரன்:
கழுவுகிற விசயத்தில் உங்கள் இரண்டு பேரோடும் எனக்கு வழக்கில்லை, நானும் கொடுக்கிற ஒவ்வொரு காருக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். பழகாத கைக்கு டூவல் அக்ஷன் நல்லது, கதவு விளிம்பில் பெயின்ட் எளிதில் எரியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ரோட்டரி என்றாலே கார் கெட்டுப்போகும் என்கிற பேச்சைத்தான் ஏற்க மாட்டேன். புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தவுடன் இடம் மாற்றத் தெரிந்தவனுக்கு அது நல்ல மெஷின், டூவல் அக்ஷனால் நாலு மணித்தியாலம் எடுப்பது ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

தம்பி, துணியை விட்டு ஒரு மாதம் ஆனதும் வாருங்கள், காசு வேண்டாம். பூட் மூடியில் நடுவே டேப் ஒட்டுவோம், ஒரு பக்கம் நான் ரோட்டரியால் முடிக்கிறேன், மற்றப் பக்கம் இரண்டு வாளி தன் மெஷினோடு வரட்டும். அல்கஹோலால் துடைத்துவிட்டு வெயிலில் பார்க்கலாம்.

இரண்டு வாளி:
வருகிறேன் அண்ணை. மீற்றரையும் கொண்டு வருகிறேன், முதலும் பிறகும் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.