பச்சைக் குழந்தைக்கு எத்தனை துணி வாங்கினீர்கள்? கடையில், ஆஸ்பத்திரியில், வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

திண்டுக்கல் பூட்டு

பிறப்பதற்கு முன்னால் துணி வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமியார் அதில் ரொம்பக் கறார். வளைகாப்புக்கு எனக்கு வந்த புடவை பீரோ கொள்ளவில்லை, குழந்தைக்கு ஒரு கைக்குட்டை கூடக் கிடையாது. சொன்ன தேதிக்கு முன்பே வலி வந்து, ராத்திரி பிறந்துவிட்டாள். நர்ஸ் கதவைத் திறந்து "குழந்தைத் துணி குடுங்க" என்று கையை நீட்டுகிறார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இவர் கடைக்கு ஓடினார். பாதி ஷட்டர் இறக்கிவிட்டார்களாம். "எத்தனை மாசக் குழந்தைக்கு சார்?" என்று கேட்ட பையனிடம் "முக்கால் மணி நேரம்" என்றிருக்கிறார். வாங்கி வந்தது என்ன தெரியுமா? லேஸ் வைத்த கவுன், குட்டி ஷூ, ஒரு ஜீன்ஸ். நாப்கின் ஒன்று கூட இல்லை.

அதற்குள் என் அம்மா, அப்பாவின் மாற்று வேட்டியை எடுத்து ஓரத்தைப் பல்லால் கடித்து சர்ரென்று நாலாகக் கிழித்துவிட்டார். என் மகளின் முதல் போட்டோவில் நெற்றிக்கு மேலே துணியில் கறுப்பு மையில் லாண்டரிக் குறி தெரியும். யாரிடம் காட்டினாலும் "அது என்ன நம்பர்?" என்று முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் கதையை எழுதுங்கள். எண்ணிக்கையும் சொன்னால் நல்லது.

பள்ளிக்கரணை மாடிவீடு

"ஆறு ஜபலா, ஒரு டஜன் நாப்கின் போதும்" என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது சித்திரையில் பெற்றவர்கள் போட்ட கணக்கு. எனக்கு 2023 நவம்பர் கடைசியில் பிறந்தான். அடுத்து மிக்ஜாம் புயல். சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிவீட்டுக்குப் போனோம். கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை, ஆனால் தெரு முழுக்கத் தண்ணீர். டயப்பர் தீர்ந்தது, கடை திறந்தபாடில்லை. பால் சரியாகக் குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஆறேழு தடவையாவது நனைக்கும், இவன் அதற்கும் மேலே.

மாடிவீட்டுப் பாட்டி கேஸ் அடுப்பை சிம்மில் வைத்து, அகலமான அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து, அதன் முதுகில் ஈர நாப்கினை விரித்தார். ஆவி குப்பென்று கிளம்பும். ஓரம் சுடச்சுடக் காய்ந்ததும் அடுத்த பக்கம் திருப்புவார், தோசை மாதிரி. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சூடு ஆறியதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். மழைக்காலத்தில் பெறுகிறவர்களுக்கு என் கணக்கு முப்பது நாப்கின். கூடினாலும் பரவாயில்லை, குறைக்காதீர்கள்.

ஓவர்லாக்

திருப்பூரில் குழந்தைகள் துணி தைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். வாசலிலேயே ஒரு செகண்ட்ஸ் கவுண்டர் உண்டு, சின்னக் குறை உள்ள துணி விற்கிற இடம். ஒரு நாள் ஒரு பெரியவர் வந்து "இருக்கறதுலயே சின்ன சைஸ் குடு கண்ணு" என்றார். நியூபார்ன் சைஸைக் கொடுத்தோம். விரித்துப் பார்த்துத் தலையாட்டினார். பேத்தி 1.4 கிலோவாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். உள்ளங்கையை நீட்டி, மணிக்கட்டைத் தாண்டி ஒரு விரல் வைத்து "இவ்வளவுதான் இருக்கா" என்று காட்டினார்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் யாரோடும் அதிகம் பேச மாட்டார். பேட்டர்ன் அட்டையை எடுத்து நாலு பக்கமும் மடித்தார், கட்டிங் வேஸ்ட்டில் இருந்து வெள்ளை இன்டர்லாக் பின்னல் துணித் துண்டுகளைப் பொறுக்கினார், கையாலேயே வெட்டி, ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் அக்காவிடம் நீட்டிவிட்டார். கழுத்துப் பட்டியில் மெஷின் பாதம் திரும்பவில்லை, அவ்வளவு சின்னது. அந்த அக்கா பாதி கையால் தைத்தார். பெரியவர் காசு எடுத்தார், மாஸ்டர் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் வரவே இல்லை.

சரி, எண்ணிக்கை கேட்டதால் சொல்கிறேன். நியூபார்ன் சைஸ் நாலைந்துக்கு மேல் வேண்டாம். நம் ஊரில் இரண்டரை, மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை ஒரு மாதம் போனால் அதைத் தாண்டிவிடும். நாலைந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், அதனால் 0-3 மாத சைஸில்தான் பணத்தைப் போட வேண்டும். பின்னல் துணி முதல் சலவையில் சுருங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். தலை வழியே மாட்டுகிற சட்டை வேண்டாம், முன்பக்கம் திறக்கிறதா பாருங்கள். பிரஸ் பட்டன் வாங்கினால் நிக்கல் இல்லாததா என்று கேளுங்கள், விரலால் இழுத்தும் பாருங்கள். நெஞ்சில் தடிமனான பிரின்ட் இருந்தால் அந்த இடம் வியர்வையை உறிஞ்சாது. கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்து எடுங்கள், கத்தரியால் வெட்டினால் மிச்சம் நிற்கும் ஓரம் உறுத்தும். வெயில் காலத்துக்கு மல் துணி, பனிக்கு இன்டர்லாக். எதுவானாலும் துவைக்காமல் போடக் கூடாது, துணிக்கு ஃபினிஷிங் கொடுக்கும்போது என்னென்ன போகிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். அப்புறம், ஜீன்ஸ். பிறந்த குழந்தைக்கு ஜீன்ஸ் தைக்கிறவர்களை என்ன சொல்வது? நாங்களும் தைக்கிறோம். வாங்குகிறார்கள்.

வார்டு சிஸ்டர்

ஓவர்லாக் தம்பி, அந்தக் குழந்தைக்குச் சட்டையே தேவைப்பட்டிருக்காது. எடை குறைந்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் ஒட்டிப் படுக்க வைப்போம், கங்காரு பராமரிப்பு என்று சொல்வது. குல்லா, சாக்ஸ், நாப்கின், அவ்வளவுதான். சட்டை போட்டால் முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். தோலோடு தோல் படுவதில்தான் சூடு. மாஸ்டர் செய்ததைக் குறையாகச் சொல்லவில்லை.

நான் அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். மறக்காதது ஒரு வாசனை. வீட்டுக்கு அனுப்பிய குழந்தையை இரண்டு நாளில் திரும்பக் கொண்டு வந்தார்கள், கண் வெள்ளை வரைக்கும் மஞ்சள். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் குப்பென்று பாச்சை உருண்டை. பாட்டி தன் டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்திய துணியாம். 2015இல் அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை என்று 16 பொருள் அந்த வீட்டுக்கும் போயிருந்தது. அதைப் பிரிக்காமல் பரணில் வைத்துவிட்டு, இதில் சுற்றியிருக்கிறார்கள்.

பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் சில குழந்தைகளுக்கு விஷம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால், அந்த ஆவி பட்டு ரத்தச் சிவப்பணு உடையும், காமாலை ஏறும். இவளுக்கு அதுதான். நீல விளக்கின் கீழ் கண்கட்டும் நாப்கினுமாகக் கிடந்தாள். அத்தை, சித்தி எல்லாம் வாங்கிவந்த கவுன்கள் கட்டிலுக்கு அடியில் பையோடு கிடந்தன. பிழைத்துக்கொண்டாள்.

பழைய துணி நல்லதுதான், திண்டுக்கல் அம்மா கிழித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டித் துணி என்றால் மட்டும் துவைத்து, வெயிலில் போட்டு, வாசனை சுத்தமாகப் போன பிறகு எடுங்கள். துவைத்த துணியில் டெட்டால் ஊற்றி அலசுவதையும் விடுங்கள், தோல் வெந்து வருகிறது. எடை சரியாக இருக்கும் குழந்தைக்கு வீட்டில் தூங்கும்போது குல்லா, கனமான போர்வை வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்து மேலே மேலே போடுகிறீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். பிடரி வியர்த்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

ஸ்கார்பரோ

பிள்ளை பிறந்தது தை மாதம், கனடாக் குளிர். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நின்றவா. துடக்கு, அதுதான் தீட்டு, கழியும் வரைக்கும் பழைய உடுப்புத்தான் போட வேணும் என்று சொன்னவா, குளிரைக் கண்டதும் தானே போய்ப் பஞ்சு வைத்த பெரிய உடுப்பு ஒன்று வாங்கினா. ஆஸ்பத்திரியால் வெளிக்கிடும்போது தாதி கார் சீட்டைப் பார்த்துவிட்டு அந்த உடுப்பைக் கழற்றச் சொன்னா. பெல்ட் பஞ்சுக்கு மேலே இறுகினது போலத் தெரியும், அடிபட்டால் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும், பிள்ளை நழுவிவிடும் என்றா. மெல்லிய உடுப்போடு பெல்ட்டைப் பூட்டி, அதற்கு மேலேதான் போர்வை.

அம்மாவுக்கு ஆங்கிலம் பிடிபடவில்லை. "இந்தப் பனிக்குள்ளே பிள்ளையை உரியிறாளே" என்று வாசலில் நின்று அழுதா. நான் விளங்கப்படுத்தியும் வீடு போய்ச் சேரும் வரைக்கும் தாதியைத் திட்டிக்கொண்டே வந்தா.

வேலூர் வெயில்

எல்லாரும் சட்டையைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் கதை கையுறை. முகத்தைக் கீறிக்கொள்கிறான் என்று போட்டோம். சாயந்திரம் அழ ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. வசம்பு, ஓம வாட்டர், திருஷ்டி சுற்றல் எல்லாம் ஆயிற்று. கடைசியில் என் நாத்தனார் கையுறையைக் கழற்றினாள். உள்பக்கத் தையல் நூல் ஒன்று சுண்டுவிரலில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. விரல் நுனி நாவற்பழ நிறம். டாக்டர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நூலை வெட்டினார். நல்லவேளை, நிறம் திரும்பியது.

ஓவர்லாக் அண்ணா, பட்டன், லேபிள் என்று இவ்வளவு சொன்னீர்களே, இதை ஏன் சொல்லவில்லை? உள்ளே நூலை வெட்டாமல் எப்படி வெளியே வருகிறது?

பள்ளிக்கரணை மாடிவீடு

வேலூர், பாவம் குழந்தை. சிஸ்டர், டெட்டால் வேண்டாம் என்கிறீர்கள், வெள்ளத் தண்ணீர் பட்ட துணியை வெறும் சோப்பில் எப்படி நம்புவது? நாங்கள் கொதிக்க வைத்தோம். மல் துணி தாங்கியது, எலாஸ்டிக் வைத்ததெல்லாம் தொங்கிப்போனது. ஆக, கொதிக்க வைக்க முடிகிற துணியாக வாங்குங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 0-3 மாத சைஸில்தான் பணத்தைப் போட வேண்டும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் மாதம்தான் துணி அதிகம் நனைகிறது. பெரிய சைஸ் எல்லாம் பார்க்க வருகிறவர்களே கொண்டு வருகிறார்கள், யாராவது நாப்கின் கொண்டு வந்து பார்த்திருக்கிறீர்களா?

ஓவர்லாக்

வேலூர் தங்கச்சி, கேட்டது நியாயம்தான். கையுறையும் சாக்ஸும் பெரும்பாலும் வெளியே ஜாப் ஒர்க். பீஸுக்கு இத்தனை காசு என்று தைக்கிறவர்கள் உள்பக்கம் திருப்பி நூல் வெட்டிக்கொண்டிருந்தால் கட்டுப்படி ஆகாது. ஏற்றுமதிச் சரக்கில் உடைந்த ஊசி இருக்கிறதா என்று மெஷினில் விட்டுப் பார்ப்போம், நூலுக்கு மெஷின் கிடையாது. என் பிள்ளைகளுக்குக் கையுறை போட்டதே இல்லை. தூங்கும்போது நகத்தை வெட்டிவிடுவோம்.

பள்ளிக்கரணை அக்கா, நாப்கின் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை.

சிஸ்டர், கட்டிங் மாஸ்டரிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்போ குல்லா தைக்கலாமே" என்றார். வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அந்த எடைக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு எவ்வளவு வைப்பது?

வார்டு சிஸ்டர்

ஒன்றரை கிலோவுக்கு 28, 29 செ.மீ. இருக்கும். இழுத்தால் விரிகிற துணியில் தையுங்கள், தையல் வெளிப்பக்கம் வரட்டும். நாடா வைக்காதீர்கள், கழுத்தில் மாட்டும். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாலும் முதலில் பிரிவுப் பொறுப்பு சிஸ்டரிடம் கேளுங்கள், நேரே வார்டுக்குள் விட மாட்டார்கள்.