மூன்றே நாளில் மூடிக்கொள்ளும் கார்னேஷன்: சர்க்கரை போடலாமா, கூடாதா?

நாயுடுபுரம் வாசி:
கொடைக்கானலில் வாராவாரம் 20 பூ உள்ள ஒரு கட்டு கார்னேஷன் வாங்குகிறேன். பக்கத்து வீட்டில் அதே பூ இரண்டு வாரம் நிற்கிறது. என்னிடம் மூன்றாம் நாளே இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு, மறுபடி மொட்டானதைப் போல் மூடிக்கொள்கின்றன. தண்டு மட்டும் பச்சையாக, விறைப்பாகவே இருக்கிறது. மாமியார் சொன்னபடி ஜாடியில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு ரூபாய் நாணயமும் போடுகிறேன். எங்கே தவறு?

கோத்தகிரி பசுமைக்குடில்:
சர்க்கரையில்தான் தவறு, சகோதரி. கொய்மலர் வளர்ப்பதே என் பிழைப்பு. வெறும் சர்க்கரைத் தண்ணீர் பூவுக்கு முன் கிருமிக்குத்தான் சோறு போடும். தண்டின் அடியைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் நீர் ஏறும் நுண்குழாய்கள் அடைபட்டுவிட்டன. நாணயத்தில் உள்ள செம்பு கிருமியைக் கொல்லும் என்று போடுகிறார்கள். இன்றைய ஒரு ரூபாய் எவர்சில்வர், அதில் செம்பு ஏது? ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி, தண்டை இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

குன்னூர் ஜாடி:
இதை நான் ஏற்க மாட்டேன். செடியிலிருந்து பிரிந்த பூவுக்கு உணவு எங்கிருந்து வரும்? பாதி விரிந்த மொட்டு முழுதாக மலரச் சர்க்கரை வேண்டும். பூங்கொத்தோடு கடையில் தரும் பொட்டலத்திலும் சர்க்கரை, புளிப்பு, கிருமிநாசினி மூன்றும்தான் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் வீட்டு ப்ளீச் திரவம். ப்ளீச்சை முதலில் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும்; சாற்றோடு நேராகக் கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

கோத்தகிரி பசுமைக்குடில்:
வீட்டில் யார் இப்படி அளந்து ஊற்றுகிறார்கள்? இரவில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும் ஊரில் குளிரே பாதி வேலையைச் செய்துவிடும். குளிரில் பூவின் மூச்சு மெதுவாகும், ஆயுள் நீளும்.

குன்னூர் ஜாடி:
அந்தக் குளிர் பக்கத்து வீட்டுக்கும் இவருக்கும் ஒன்றுதானே? அங்கே இரண்டு வாரம், இங்கே மூன்று நாள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வில்பட்டி விவசாயி:
அந்த அம்மா எழுதியதை இருவரும் சரியாகப் படிக்கவில்லை. தண்டு அடைபட்டிருந்தால் பூ தண்ணீரின்றித் துவளும். இங்கே தண்டு விறைப்பாக நிற்க, இதழ் மட்டும் உள்ளே சுருள்கிறது. இது எத்திலீன் வாயுவின் வேலை. பழுக்கும் பழம் விடும் வாயு அது. கார்னேஷனுக்கு அது கொஞ்சமும் ஆகாது. அம்மா, ஜாடிக்குப் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட் பழுக்க வைத்திருக்கிறீர்களா?

நாயுடுபுரம் வாசி:
ஐயா, அதே மேஜையில்தான்! செய்தித்தாளில் சுற்றிய பட்டர் ஃப்ரூட் ஒரு கூடை. மேலே கொக்கியில் மலைவாழை ஒரு சீப்பு.

வில்பட்டி விவசாயி:
ஜாடியை வேறு அறைக்கு மாற்றுங்கள். விறகு மூட்டுகிற கணப்புப் பக்கமும் வேண்டாம், புகையிலும் அதே வாயு உண்டு. மூடிய பூக்கள் இனி விரியாது. அவற்றை எடுத்துவிடுங்கள், வாடும் பூவும் அதே வாயுவை விடும்.

கோத்தகிரி பசுமைக்குடில்:
ஒப்புக்கொள்கிறேன். பூ ஏற்றும் வண்டியில் நாங்கள் பழக்கூடை ஏற்றுவதே இல்லை. வீட்டு மேஜை என்றதும் அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சர்க்கரை விஷயத்தில் நான் மாறவில்லை.

நாயுடுபுரம் வாசி (12 நாள் கழித்து):
புதுக் கட்டை இரண்டு ஜாடிகளாகப் பிரித்துக் கூடத்தில் வைத்தேன், பழம் பக்கத்தில் இல்லை. ஒன்றில் தினமும் மாற்றிய வெறும் தண்ணீர், மற்றதில் குன்னூர்க் கலவை. வாங்கும்போதே விரிந்திருந்த பூக்கள் இரண்டிலும் இன்று வரை நிற்கின்றன, வித்தியாசம் தெரியவில்லை. பாதி மொட்டாக இருந்தவை கலவையில் ஐந்தும் மலர்ந்தன. வெறும் தண்ணீரில் இரண்டுதான் மலர்ந்தன.

குன்னூர் ஜாடி:
மொட்டைப் பற்றித்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கோத்தகிரி பசுமைக்குடில்:
ஒரு கட்டை வைத்து முடிவு சொல்ல முடியாது, நண்பரே. விரிந்த பூ வாங்குகிறவருக்கு ப்ளீச் எதற்கு? சகோதரி, அடுத்த வாரம் லில்லியம் வாங்கி இதையே செய்து பாருங்கள். விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள், துணியில் பட்டால் கறை போகாது.